தவளக்குப்பத்துக் குழாயும் நேற்றைய ரொட்டியும்

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்றதும் அம்பத்தூரில் எங்கள் ஷெட்டில் இருந்த எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். நான்கு நாள் லீவு போட்டுவிட்டு ஒரு வெல்டர் அந்த ஊருக்கு எதற்குப் போவான் என்று அவர்களுக்குத் தெரியுமாம். இரண்டு பேர் வாங்கி வர வேண்டிய பாட்டிலின் பெயரையே எழுதிக் கொடுத்தார்கள். நான் போனது ஒரு தபால் அட்டைக்காக.

"கேஸ் போட்டு ஒட்டினா புளோஹோலா வருதுடா. ரெண்டு வாட்டி படத்துல மாட்டிக்கினேன். கடைசி ஜாயிண்ட்டு இது. சனிக்கிழம மறுபடியும் படம் எடுக்கறாங்க. அதுவும் போச்சுன்னா வேலைய மெட்ராஸ் காண்ட்ராக்டர்கிட்ட குடுத்துடுவாங்களாம். வந்து பாரு."

எழுதியவன் தனசேகர். பாண்டிச்சேரி முதலியார்பேட்டைக்காரன். மில்லில் பிட்டராக இருந்தவனை ஆட்குறைப்பு என்று வெளியே தள்ளினார்கள். மெட்ராஸ் வந்து என்னோடு இரண்டு வருடம் ஆர்கான் வெல்டிங் பழகினான். ஊருக்குத் திரும்பி, தன்னைப் போலவே மில்லிலிருந்து துரத்தப்பட்ட மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சின்ன பட்டறை வைத்தான். அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, தவளக்குப்பம் பக்கம் ஒரு வாசனை எண்ணெய்த் தொழிற்சாலையில் நாலு அங்குல ஆவிக் குழாய் போடுவது. அந்த வேலை கைவிட்டுப் போனால் பட்டறை மூடும். நாலு பேர் இரண்டாவது முறை தெருவுக்கு வருவார்கள். 1984 மே மாதம், ஒரு புதன்கிழமை விடியற்காலை நான் பஸ் ஏறியதற்குக் காரணம் இதுதான்.

வெல்டர் அல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்பு உருகி உறைவதற்குள் அதில் மாட்டிக்கொண்ட காற்றும் ஈரமும் குமிழியாக நின்றுவிடும். அதுதான் புளோஹோல். வெளியே பார்த்தால் ஒட்டு அழகாக இருக்கும். எக்ஸ்ரே படத்தில் மிளகுத் தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியும். அப்படி வராமல் இருக்கத்தான் ஆர்கான் வாயுவை ஊதி, உருகும் இடத்தைக் காற்று தொடாமல் மூடுகிறோம். மூடி சரியாக இருந்தால் ஓட்டை வராது. மூடியை எது விலக்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு.

பாரிமுனையில் முதல் பஸ் ஐந்தே காலுக்கு. தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக 160 கிலோமீட்டர். டிக்கெட் பதிமூன்று ரூபாய் ஐம்பது காசு. ஜன்னல் இருக்கை வேண்டுமானால் ஐந்து மணிக்கே நில்லுங்கள், வலதுபுறம் உட்காருங்கள். இடதுபுறம் உட்கார்ந்தால் திண்டிவனம் வரை வெயில் உங்கள் கன்னத்தில்தான். என்னிடம் ஒரு வெல்டிங் டார்ச், அதன் நுனியில் மாட்டும் பீங்கான் மூக்குகள் நாலு, வெல்டிங் கம்பிகள் போட்டு இருபுறமும் மூடியடித்த ஒரு மீட்டர் நீளப் பிளாஸ்டிக் குழல். கம்பியைத் தாளில் சுற்றிக் கொண்டுபோகாதீர்கள். கடற்கரை ஊரில் ஒரே நாளில் துரு பூக்கும், துருவில் ஈரம் ஒட்டும், அந்த ஈரம் உங்கள் ஒட்டில் ஓட்டையாக வரும்.

கண்டக்டர் அந்தக் குழலைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாபா இது, துப்பாக்கியா?"

"வெல்டிங் கம்பிண்ணே."

"பஸ்சு ரெண்டா ஒடஞ்சா ஒட்டிருவியா?"

"ஒட்டிருவேன். லக்கேஜ் மட்டும் கேக்காதீங்க."

கேட்கவில்லை. மதுராந்தகத்தில் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். டீ அறுபது காசு. நிறம் மட்டும்தான் டீ. பஸ் நிற்கிற இடம் என்பதற்காகவே கழுநீரை விற்கிறவர்களை யாரும் கேட்பதில்லை. கையில் ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.

பாண்டிச்சேரி ஒன்பது நாற்பதுக்கு. அங்கிருந்து கடலூர் போகும் பஸ்சில் ஏறினால் தவளக்குப்பம் கூட்டு ரோடு ஒன்பது கிலோமீட்டர், டிக்கெட் தொண்ணூறு காசு. வழியில் தனசேகர் வேலை பார்த்த மில்லின் நீளச் சுவர் வருகிறது. பஸ் அதைக் கடக்க ஒன்றரை நிமிடம் ஆகிறது. அத்தனை பெரிய சுவருக்கு ஒரே ஒரு கேட், அதில் பாதி திறந்திருக்கிறது. உள்ளே எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். "பஞ்சு இருக்கிற அளவுக்கு ஆளு" என்றார். பிறகு ஏதோ தவறாகச் சொல்லிவிட்டவர்போல வெளியே பார்க்கத் தொடங்கினார். கடற்கரைச் சாலையில் வெள்ளைச் சுவர்களைப் படம் பிடிக்க இந்த ஊருக்கு வருகிறவர்கள் இந்தச் சுவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம். இதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

கூட்டு ரோட்டிலிருந்து கிழக்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் தொழிற்சாலை. கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உதட்டில் உப்புத் தெரியும். தனசேகர் கேட்டில் நின்றிருந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டான். தாடி வளர்ந்திருந்தது.

"இளைச்சிட்டியேடா" என்றேன்.

"படம் பாத்து பாத்து எளச்சேன். சினிமா படம் இல்ல."

அவனோடு ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்களின் காக்கிச் சட்டை, கையில் கிரைண்டர். பெயர் அஞ்சலை. அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் பதினோரு வருடம். குழாய் முனைகளைச் சரிவாக இழைத்துச் சுத்தம் செய்வது இவர் வேலை. நான் ஒரு முனையைத் தடவிப் பார்த்தேன். துரு, பெயின்ட், எண்ணெய் எதுவும் இல்லை. உள்ளேயும் வெளியேயும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளிபோல் மின்னியது. என் ஷெட்டில் இப்படி இழைக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

வேலை நிலவரம் இதுதான். மொத்தம் ஆறு ஜாயிண்ட். ஐந்தைப் பட்டறையிலேயே ஒட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள், ஐந்தும் படத்தில் பாஸ். ஆறாவது, புதுக் குழாயைத் தொழிற்சாலையின் பழைய குழாயோடு சேர்க்கும் ஜாயிண்ட். அதை அங்கேயே நின்றுதான் ஒட்ட வேண்டும். எண்ணெய் காய்ச்சும்போது பக்கத்தில் நெருப்புக் கூடாது என்பதால், ஆலை ஓய்வெடுக்கும் பன்னிரண்டரை முதல் நாலு மணி வரைதான் அனுமதி. இந்த ஊருக்கே அந்த நேரத்தில் கடையடைத்துத் தூங்கும் பழக்கம் உண்டு. ஒரு மணிக்கு மேல் ஒரு ஆணி வாங்க முடியாது, காலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் தூங்கப் போகும் அதே நேரத்தில் கடற்காற்று எழுந்துவிடுகிறது.

"காத்துதான்னு எனக்கும் தெரியும்டா" என்றான் தனசேகர். "சுத்தி தார்ப்பாய் கட்டினேன். கேஸ ஏத்தி வெச்சேன். அப்பவும் வருது."

எவ்வளவு ஏற்றியிருக்கிறான் என்று பார்த்தேன். நிமிடத்துக்கு இருபது லிட்டர். காற்றுக்குப் பயந்தவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. வாயுவை அதிகம் திறந்தால் அது போர்வையாக விழாமல் சுழன்றுகொண்டு வரும், போகிற போக்கில் வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் ஒன்பதுக்குக் குறைத்தேன். ரப்பர் குழாயின் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன், குமிழி வரவில்லை. சிலிண்டர் பாதிக்கு மேல் இருந்தது. டார்ச்சை என்னுடையதாக மாற்றினேன். பிறகு அதே இடத்தில், அதே தார்ப்பாய்க்குள், இரண்டு துண்டுக் குழாயை வைத்து ஒட்டி, அறுத்து, உடைத்துப் பார்த்தோம். உடைந்த பக்கம் பட்டுபோல் இருந்தது. ஒரு ஓட்டை கிடையாது.

எனக்கு ஒரே சந்தோஷம். "முடிஞ்சுதுடா, கேஸ்தான் உன் வில்லன்" என்றேன். அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை.

"தம்பி, நான் ஒண்ணு பாக்கட்டா?"

இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்தார். உள்ளே பஞ்சு. மில்லை விட்டு வந்து இரண்டு வருடமாகியும் அவர் பையில் பஞ்சு இருந்தது. காதில் வைக்க, காயத்தில் வைக்க, எல்லாவற்றுக்கும் அதுதானாம். ஒரு இழையை, முடியைவிட மெல்லியதாகப் பிரித்து, ஒட்டப்போகும் கடைசி ஜாயிண்ட்டின் இடைவெளிக்கு நேரே பிடித்தார். சுற்றிலும் தார்ப்பாய். வெளியிலிருந்து ஒரு சொட்டுக் காற்று உள்ளே வரவில்லை. ஆனால் பஞ்சு துள்ளியது. குழாய்க்குள்ளிருந்து யாரோ ஊதுவதுபோல வெளிப்பக்கமாகப் படபடத்தது.

"காத்து வெளிய இல்ல தம்பி. உள்ள" என்றார். "மில்லுல பன்னெண்டு மணியானா கெழக்கு ஜன்னல சாத்துவோம், நூலு அறுக்கும்னு. சாத்தியும் ஒரு மெஷின்ல மட்டும் அறுக்கும். இப்படித்தான் பஞ்ச புடிச்சிகினு போவேன். எங்கியாச்சும் ஒரு சந்து இருக்கும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் துண்டுக் குழாயில் சோதித்தேன். அதன் இரண்டு முனையையும் தரையில் கிடந்த சாக்கு தானாகவே அடைத்திருந்தது. உண்மையான குழாயோ பாய்லர் வீட்டுக் கூரைக்கு மேலே போய், கடலைப் பார்த்துத் திறந்து நிற்கிறது. காற்று அதில் புகுந்து, முப்பது மீட்டர் ஓடி, நாம் உருக்கும் இடத்தில் மூன்று மில்லிமீட்டர் சந்து வழியாக வெளியே வருகிறது. மேலே எவ்வளவு ஆர்கான் ஊதினாலும் அடியிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வந்தால் ஒட்டு எப்படி நிற்கும்?

கூரை மேலிருக்கும் வாயை ஒரு சாக்கால் மூடினால் தீர்ந்தது. சூப்பர்வைசரிடம் கேட்டோம். இஸ்திரி கலையாத சட்டைக்காரர்.

"அது ஆவி வெளிய போற வழி. அத தொட்டா எல்லாரும் வீட்டுக்குப் போலாம்" என்றார்.

"மூணு மணி நேரம்தான் சார், பாய்லரே நிறுத்திதான இருக்கு?"

"ரூல் ரூல்தான். ஏன், மெட்ராஸ்ல ரூல் இல்லியா?"

அவரைக் குறை சொல்லவில்லை. மறந்துபோய் அடைப்பை எடுக்காமல் விட்டால் ஆள் சாவான், விதி சரிதான். ஆனால் விதியைச் சொல்கிற ஒருவரும் அதற்கு மாற்று சொல்வதில்லை. துணியை ஜாயிண்ட் பக்கத்திலிருந்தே குழாய்க்குள் திணிக்கலாம், ஒட்டியபின் அதை எடுக்க வழியில்லை. உள்ளேயே கிடந்து வழியை அடைக்கும். காற்றை அடைக்க வேண்டும், பிறகு தானே கரைந்து போகவும் வேண்டும். அப்படி என்ன இருக்கிறது?

புதன் மாலை முதலியார்பேட்டையில் தனசேகர் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதையே பேசினோம். சாப்பாடு கொழுமீன் குழம்பு. ஒரு வாரத்துக்கு அவன் வாங்குகிற மீனை அன்றைக்கே வாங்கிவிட்டான், திட்டினேன், கேட்கவில்லை. இரண்டாவது முறை சோறு போடும்போது அவன் கை நின்றது.

"ரொட்டிடா!"

அவன் அப்பா இளமையில் வெள்ளைக்காரத் தெரு வீடுகளில் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்தவர். தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும் குழாயை ஈயம் வைத்துப் பற்றவைக்க, உள்ளே நீள ரொட்டியைப் பிய்த்துத் திணிப்பாராம். வேலை முடிந்து குழாயைத் திறந்தால் ரொட்டி கஞ்சியாகக் கரைந்து வெளியே வந்துவிடும். ஊருக்கு ஊர் ஒரு வித்தை. எங்கள் ஊரில் இட்லியையா திணிக்க முடியும்?

வியாழக்கிழமை காலை அஞ்சலை இரண்டு நீள ரொட்டியோடு வந்தார். தாளில் சுற்றி, இன்னும் சூடாக. அந்த வாசனையில் எல்லோர் வேலையும் நின்றது. ஜாயிண்ட்டிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளித் திணித்தோம். பஞ்சைப் பிடித்தார், அசையவில்லை. "ஊதலு நின்னுச்சி" என்றார். பன்னிரண்டு நாற்பதுக்கு நான் டார்ச்சை எடுத்தேன்.

முதல் கால் வட்டம் நன்றாகப் போனது. பிறகு நெருப்பு துப்பத் தொடங்கியது. உருகிய குட்டை நடுவில் கொப்புளம் வெடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் கை நிற்கவில்லை. நம் கையைப் பற்றி நமக்குள்ள திமிர் அது. முடித்து முகமூடியைத் தூக்கினேன். முதல் சுற்றான அடி ஒட்டில் புழு அரித்ததுபோல் மூன்று துளை, படம் எடுக்கவே தேவையில்லை.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "மெட்ராஸ்லருந்து ஆள கூட்டினு வந்து இதான் லட்சணமா?"

தனசேகர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஜாயிண்ட்டை அறுத்தோம். இத்தோடு மூன்று முறை அறுத்தாயிற்று. ஒவ்வொரு முறையும் குழாய் கொஞ்சம் குட்டையாகிறது. தாங்கிகளைத் தளர்த்தி இழுத்துச் சேர்த்தோம். இனி இழுக்க நீளம் இல்லை. அடுத்த தடவை தவறினால் புதுத் துண்டு போட வேண்டும், ஒன்றுக்கு இரண்டு ஜாயிண்ட், சனிக்கிழமைக்குள் முடியாது.

அறுத்த குழாய்க்குள் விரலை விட்டேன். ஈரம். சுவர் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். புது ரொட்டிக்குள் இருந்த ஈரம், குழாய் சூடேறியதும் ஆவியாகி நேராக ஒட்டுக்கு வந்திருக்கிறது. காற்றைத் துரத்தி ஈரத்தைக் குடி வைத்திருக்கிறோம்.

"சுடச்சுட வாங்கியாந்தேன் தம்பி" என்றார் அஞ்சலை மெதுவாக. "பழச எப்படி எடுத்தார்றது? நீ விருந்தாளியாச்சே."

"குழாய்க்குத்தானேக்கா, எனக்கா?"

"ஒன் வேலைக்கு வாங்கறது ஒனக்கு வாங்கற மாதிரிதான்."

இந்த ஊரில் மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். மரியாதைக்காகப் புது ரொட்டி வாங்கிக் குழாய்க்குள் போட்டு என் ஒட்டைக் கெடுத்தார்கள். கோபப்படத்தான் நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. தனசேகரும் சிரித்தான். கடைசியாக அஞ்சலை, வாயைக் கையால் மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"நேத்து ரொட்டி வேணும்க்கா" என்றேன். "கட்ட மாதிரி காஞ்சது."

"அதான? அது எனக்குத் தெரியும் எங்க கெடைக்கும்னு."

வெள்ளிக்கிழமை. துணியில் சுற்றி இரண்டு காய்ந்த ரொட்டி வந்தது. தட்டினால் சத்தம் கேட்டது. இந்தமுறை அதையும் நம்பாமல், குழாய் முனைகளை முதலில் மெல்லிய தீயில் காட்டி, தொட்டால் கை சுடும் அளவுக்குச் சூடாக்கி ஈரத்தைப் போக்கினோம். ரொட்டியை ஒன்றரை முழம் உள்ளே தள்ளினோம். கம்பியைச் சுத்தத் துணியால் துடைத்தோம், வெறுங்கையால் தொடவில்லை. பஞ்சு அசையவில்லை. நான் டார்ச்சை தனசேகரிடம் நீட்டினேன்.

"நீ ஒட்டு."

"டேய், வேணாம்டா. நேத்தி மாதிரி..."

"நேத்தி போனது என் கையில. இது உன் ஜாயிண்ட்டு."

நான் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுமுனையில் அஞ்சலை. காற்று வலுத்து, தார்ப்பாய் எங்கள் இருவர் கையையும் பிடுங்கியது. உள்ளே நெருப்புச் சத்தம் மட்டும், எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவதுபோல் சீராக. துப்பவில்லை. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் தனசேகர் டார்ச்சை உடனே எடுக்காமல் ஐந்து எண்ணும்வரை அங்கேயே பிடித்திருந்தான்; சூடு ஆறும்வரை போர்வை மேலேயே இருக்க வேண்டும். நாலுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கடைசி சுற்று முடிந்தது. மேலே பார்க்க அழகாகத்தான் இருந்தது. போன மூன்றும் மேலே பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும், என்னுடையதைத் தவிர.

சனிக்கிழமை ஐந்தரைக்கு, ஆலை தொடங்கும் முன்பே, படம் எடுப்பவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். எக்ஸ்ரே கதிர் படும் என்பதால் அப்போது அருகில் யாரும் இருக்கக் கூடாது. சும்மா இருக்க முடியாமல் நான் அஞ்சலையோடு ரொட்டிக் கடைக்குப் போனேன். முதலியார்பேட்டையிலிருந்து நடந்து பத்து நிமிடம். கடையின் முன்வாசல் சாத்தியிருந்தது. பின்பக்கச் சந்தில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். பெண்கள்தான் அதிகம். முந்தைய நாள் விற்காமல் போன ரொட்டியைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு. ஆறு மணிக்குள் தீர்ந்துவிடும். மில் நன்றாக ஓடியபோது இந்த வரிசையில் பத்துப் பேர்கூட நிற்க மாட்டார்களாம்.

அஞ்சலையின் முறை வந்தது. கொடுப்பவர் வயதானவர், இவரை நன்றாகத் தெரிந்தவர்.

"நேத்து புள்ளைங்க ரொட்டி எப்படின்னு சொல்லுச்சா? ரெண்டுமே கல்லா இருந்துச்சே."

"புள்ளைங்க திங்கலண்ணா. கொழா தின்னுடுச்சி."

"எது?"

"கொழா. நாலு இஞ்சு."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "மில்லு தின்னது பத்தாதுன்னு கொழாயுமா?" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன், பாதியில் நின்றது. ஒரு வீட்டுக்கு இரண்டு. நேற்று இரண்டும் குழாய்க்குள் போனது. அஞ்சலைக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

"நேத்து காலைல புள்ளைங்க என்னக்கா சாப்ட்டுச்சி?"

"டீ மட்டும் குடிச்சிச்சுங்க. ஒரு நாளு தானே. நீ மூஞ்ச தொங்கப் போடாத, வரிசைல நிக்கறவங்கல்லாம் ஒன்ன போலீசுன்னு நெனைக்கப் போறாங்க."

நேற்று அவரிடம் அதை முழம் போட்டு அளந்து, எவ்வளவு உள்ளே தள்ள வேண்டும் என்று வாத்தியார்போல் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அவரும் தலையாட்டிக்கொண்டு திணித்தார்.

எட்டரைக்குத் தொழிற்சாலை எதிரே டீக்கடையில் இருந்தோம். அஞ்சலை ஒரு ரொட்டியை வீட்டில் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு மற்றதைக் கொண்டுவந்திருந்தார். மூன்றாகப் பிய்த்து டீயில் தோய்த்தோம். கல்லாக இருந்தது, டீயில் ஊறியதும் மெத்தென்றானது. நல்ல ரொட்டிதான். பழையது என்று பெயர் வைத்தவன் பசிக்காதவன். தனசேகர் மட்டும் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தான்.

ஒன்பது பத்துக்கு சூப்பர்வைசர் கேட்டுக்கு வெளியே வந்தார். கையில் இன்னும் காயாத படம், சட்டை நனையாமல் கையை நீட்டிப் பிடித்தபடி. சூரியனுக்கு எதிரே தூக்கினார். நாங்கள் மூவரும் அடியில் நின்று பார்த்தோம். சாம்பல் நிறப் பட்டை, நடுவில் ஒட்டின் வெளிர்க்கோடு. நான் அங்குலம் அங்குலமாகத் தேடினேன். ஒரு புள்ளி இருந்தது. சூப்பர்வைசர் விரலால் துடைத்தார், தண்ணீர்ச் சொட்டு.

"க்ளீன்" என்றார். பிறகு, மனிதர்தானே, கொஞ்சம் சிரித்தார். "எப்படிப்பா பண்ணீங்க?"

"காலைல சாப்டாம பண்ணோம் சார்" என்றார் அஞ்சலை.

அவருக்குப் புரியவில்லை. தனசேகர் கையிலிருந்த ரொட்டியை அப்போதுதான் கடித்தான். டீயில் தோய்க்காமலே.

பத்து மணிக்கு ஆவியை விட்டார்கள். கீழ்முனை வடிகாலில் முதலில் வெந்நீர், பிறகு வெள்ளையாகக் கஞ்சி. காகங்கள் வந்தன. அஞ்சலை அது முழுவதும் வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார், அடைப்பு எதுவும் தங்கவில்லை என்று உறுதி செய்ய. அது சூப்பர்வைசரின் வேலை. அவர் போய்விட்டிருந்தார்.

பட்டறைப் பலகையில் நாலு பேர் பெயர் எழுதியிருக்கிறது, நாலும் ஆண்கள். கடைசி ஜாயிண்ட்டில் காற்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவருக்கு அங்கே தினக்கூலி, பெயர் ஹெல்பர். பஸ் ஏறும் முன் தனசேகரிடம் இதைச் சொன்னேன். "பாக்கலாம்டா" என்றான். நல்லவன்தான். நல்லவர்கள்தான் நம் ஊரில் அதிகம் "பாக்கலாம்" சொல்கிறார்கள். இதை அவனும் வாசிப்பான் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்: ஐந்தாவது பெயருக்குப் பலகையில் இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன்.

மதியம் ஒன்றே காலுக்கு மெட்ராஸ் பஸ். ஊர் முழுக்கக் கடை சாத்திக் கிடந்தது. பாட்டில் வாங்க முடியவில்லை, ஷெட்டில் யாரும் நம்பப்போவதில்லை.

இந்தப் பக்கம் குழாய் ஒட்டப் போகிறவர்களுக்கு: நேரம் உங்கள் கையில் இருந்தால் காலை பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். முடியாவிட்டால், வெளியே தார்ப்பாய் கட்டியதோடு நிம்மதி அடையாதீர்கள்; குழாயின் மறுமுனை எங்கே திறந்திருக்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். வாயுவை ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள். பஞ்சு ஒரு பிடி பையில் இருக்கட்டும், எடை கிடையாது. கடைசி ஜாயிண்ட்டுக்கு ரொட்டி வேண்டுமானால் காய்ந்ததுதான் சரி. அது பின்சந்தில் காலை ஐந்தரைக்குக் கிடைக்கும். ஆனால் அந்த வரிசையில் நிற்காதீர்கள். முன்வாசலில் முழு விலைக்கு முந்தைய நாளே வாங்கி, வெயிலில் நீங்களே காய வையுங்கள். நாலு வாங்குங்கள். குழாய்க்கு இரண்டு போதும்.